வெட்டுப்பட்ட ‘எண்டு’

இதிலை ஆரும் இருக்கினமோ தம்பி? இல்லையெண்டால் கொஞ்சம் அங்காலை தள்ளி இருங்கோ. இல்லை இல்லை, யன்னல் பக்கம் நீங்களே இருங்கோ. எனக்குக் காத்து அடிச்சால் காது இரையும். வவுனியாவோ நீங்களும்? நல்லது, அப்ப ரெண்டு பேரும் கடைசி மட்டும்.

இந்தப் பையை மேலை வைக்க ஏலாது, மடியிலைதான் வைக்கவேணும். முருங்கைக்காய், மகளுக்கு. வவுனியாவிலையும் முருங்கைக்காய் இருக்குத்தான், ஆனால் எங்கடை சாவகச்சேரி முருங்கைக்காய் மாதிரி வராது. வாங்குவாளோ, பையோடை திருப்பித் தருவாளோ தெரியாது. அது போய்ப் பாத்தால்தான் தெரியும்.

என்ன தம்பி அப்பிடிப் பாக்கிறியள்? எங்கையோ கண்ட முகம் மாதிரி இருக்குதோ? சொல்லுங்கோ, பரவாயில்லை. பஸ் ஸ்ராண்டிலை கச்சான் கடலை விக்கிற மனிசியும் இப்பிடித்தான் பாத்தவ. பாத்துப்போட்டு, பக்கத்துக் கடைக்காரிக்கு முழங்கையாலை ஒரு இடி. ஓம் தம்பி, நான்தான். அந்த வீடியோவிலை வந்த கிழவன் நான்தான்.

பாத்தனீங்களோ? போனிலை வந்ததோ? எல்லாற்றை போனிலையும் வந்திட்டுது. கனடாவிலை இருக்கிற என்ரை மச்சானுக்கு நான் பேசி முடிக்க முதலே போயிட்டுது போலை. ‘என்ன அத்தான், ஃபேமஸ் ஆகீட்டியள்’ எண்டு சிரிக்கிறான். மேலை சிவப்பு எழுத்திலை என்ன போட்டிருந்தவங்கள் தெரியுமோ? ‘யாழ்ப்பாணத்தார் கொதிப்பு’. நான் எங்கை கொதிச்சனான்? ஒரு கிலோ கத்தரிக்காய் வாங்க நிண்டனான்.

அது ஒரு கொட்டாவி விடுற நேரத்துக்கு ஓடுற வீடியோ. அந்தக் கொட்டாவிக்குள்ளை என்ரை மரியாதை, என்ரை பிள்ளை, எல்லாம் போச்சு. நான் பிழையா ஒண்டும் சொல்லேல்லைத் தம்பி. ஒரு சொல்லை வெட்டிப்போட்டாங்கள். ஒரேயொரு சொல்லு. ‘எண்டு’.

சிரிக்காதேங்கோ, சொல்லுறன் கேளுங்கோ. நான் கோட்டிலை மொழிபெயர்ப்பாளராய் இருந்து பென்சன் எடுத்தவன். சாட்சி தமிழிலை சொல்லுவார், நான் நீதவானுக்குச் சிங்களத்திலை சொல்லவேணும். எங்கடை தொழிலிலை பெரிய சாமான் என்ன தெரியுமோ? சட்டம் இல்லை. இந்த ‘எண்டு’தான். எழுதேக்கை ‘என்று’, வாயிலை ‘எண்டு’. சாட்சி ஏறி நிண்டு ‘நான்தான் வெட்டினனான் எண்டு அவன் சொன்னவன்’ எண்டுவார். மொழிபெயர்ப்பாளர் அவசரப்பட்டு, பாதியிலை வாயைத் திறந்தால் என்ன நடக்கும்? ‘நான்தான் வெட்டினனான்.’ சாட்சி குற்றவாளி! இங்கிலீசிலை இந்தக் கரைச்சல் இல்லை. அதிலை ‘அவன் சொன்னான்’ எண்டது முன்னுக்கே வந்திடும். எங்கடை பாசையிலை ஆர் சொன்னதெண்டது கடைசியிலைதான் வரும். உயிர் வாலிலைதான் கிடக்கு.

அதாலை நான் ஒருநாளும் அவசரப்படமாட்டன். சாட்சி கடைசிச் சொல்லுச் சொல்லி வாயை மூடும் வரைக்கும் பாத்துக்கொண்டு நிப்பன். நீதவான் பேனையாலை மேசையிலை தட்டுவார். தட்டட்டும். முழுக்கக் கேளாமல் சொல்லக்கூடாது ஐயா எண்டு நிப்பன். அப்பிடி இருந்த மனிசன் நான். என்னைப்போய் வெட்டினாங்களே தம்பி.

இந்தப் பையை ஒருக்காப் பிடியுங்கோ, கண்ணாடியைத் துடைக்கவேணும். ம்.

நடந்தது இதுதான். சந்தைக்குள்ளை நிக்கிறன். ஒரு பிள்ளை, கொழும்பிலை இருந்து வந்த ரீவிக்காரப் பிள்ளை, மைக்கை நீட்டிக்கொண்டு வருது. பின்னாலை கமராவோடை ஒருத்தன். ‘ஐயா, ஜனாதிபதித் தேர்தல் வருது. இந்தப் பக்கத்து மக்கள் என்ன நினைக்கிறாங்க?’ கவனிச்சியளே? மக்கள் என்ன நினைக்கினம் எண்டுதான் கேட்டது. ஐயா என்ன நினைக்கிறியள் எண்டு கேக்கேல்லை. நான் கோட்டு ஆள், கேட்ட கேள்விக்குத்தான் மறுமொழி சொல்லுவன்.

வடிவாச் சொன்னனான் தம்பி. கத்தரிக்காய்க்காரனே தராசைக் கீழை வைச்சுப்போட்டுக் கேட்டவன். முதல்லை மணிக்கூட்டுச் சின்னத்துக்காரர். இவ்வளவு நாளும் கதிரையிலை இருந்தவர். எங்களுக்கு நேரம் வரும், நேரம் வரும் எண்டு சொல்லிச் சொல்லியே தன்ரை நேரத்தை முடிச்சுப்போட்டார். பிறகு ஏணிச் சின்னத்துக்காரர். போனமுறை எங்கடை தோளிலை கால் வைச்சு ஏறினவர், ஏறின கையோடை ஏணியைக் காலாலை தட்டிவிட்டவர், இந்தமுறை அதே ஏணியோடை வந்து நிக்கிறார். இதெல்லாம் சொன்னனான். ஒண்டும் போடேல்லை! ஒரு எழுத்துப் போடேல்லை!

அதுக்குப் பிறகுதான் அந்த மனிசியைப் பற்றிச் சொன்னனான். கேத்தில் சின்னத்திலை சுயேச்சையாக் கேக்கிறா, மரகதவல்லி. மலையகத்து மனிசி, சட்டத்தரணி. இந்தச் சின்னத்தைக் குடுத்தவனுக்கு என்ன நினைப்போ தெரியாது, தேயிலைத் தோட்டத்திலை இருந்து வந்தவவுக்குக் கேத்திலைக் குடுத்திருக்கிறான். சீட்டிலைதான் விழுந்ததாம், குலுக்கின கை அப்பிடி. ஊர் வாய்க்கு அவல் கிடைச்ச மாதிரி. பேப்பரிலை கார்ட்டூன் போட்டவங்கள் பாத்தனீங்களோ? வெளிநாட்டுத் தலைவர்மார் எல்லாம் கதிரையிலை இருக்கினம், இவ கேத்திலோடை நிண்டு ஒவ்வொருத்தருக்கும் தேத்தண்ணி ஊத்துறா. இது பகிடியோ தம்பி? எனக்குச் சரியான கோவம் வந்தது. ஆசிரியருக்கு ரெண்டு வரி எழுதிப்போடவேணும் எண்டுகூட யோசிச்சனான்.

பேட்டியளைப் பாத்தனீங்களோ? ஏணிக்காரரைக் கேக்கினம், நாட்டின்ரை கடனுக்கு என்ன வழி எண்டு. மணிக்கூட்டுக்காரரைக் கேக்கினம், வெளிநாட்டுக் கொள்கை என்ன எண்டு. இந்த மனிசியைக் கேட்டது என்ன? ‘அம்மா, நீங்க இவ்வளவு பிஸி, வீட்டுல சமையல் யார்?’ அவ சிரிச்சுக்கொண்டு திருப்பிக் கேட்டா, ‘நேத்து ஏணிக்காரரும் இதே கதிரையிலதானே இருந்தார், அவர் காலையில என்ன சமைச்சாராம்?’ நான் தனிய வீட்டிலை இருந்து கை தட்டினனான் தம்பி. தெற்குப் பக்கத்து ரீவிக்காரர் அவவைக் காட்டினது ஒருக்காத்தான். மேடைப் படியிலை சீலை தடக்கி விழப்போனதைக் காட்டினவங்கள், அதையும் மெதுவா ஓடவிட்டு மூண்டு தரம் காட்டினவங்கள்.

இதுதான் எங்கடை ஊடகம். தமிழன் எண்டால் ஒரு பார்வை, பொம்பிளை எண்டால் இன்னொரு பார்வை. தெற்கிலை இருந்து வாறவன் எங்களை ஆளாய்ப் பாக்கிறானோ? தேர்தலுக்குத் தேர்தல் வந்து பனைமரத்தை ஒருக்காப் படம் எடுப்பான், சைக்கிளிலை போற கிழவனை ஒருக்கா எடுப்பான், ‘வடக்கு மக்கள் யாருக்கு’ எண்டு தலைப்புப் போடுவான், போயிடுவான். நாங்கள் எல்லாரும் அவங்களுக்கு ஒரே முகம். அந்த வருத்தம் எனக்கு நெடுகலும் இருக்கு. ஒரு மனிசனை எந்தப் பக்கத்தாள் எண்டு பாத்து அளக்கிறது மாதிரிக் கேவலம் ஒண்டும் இல்லை.

அவவின்ரை பேச்சைக் கேட்டிருக்கிறியளோ? நல்ல வடிவான பேச்சு. இங்கிலீசு எண்டால் தண்ணி. அந்தப் பக்கத்திலை இருந்து வந்தவ எண்டு சொல்லவே ஏலாது.

ஆனையிறவு வருது போலை. உப்புக் காத்து. யன்னலைக் கொஞ்சம் இழுத்து விடுங்கோ.

என்ன சொன்னனான்? ஓம், வீடியோ. அதிலை நான் சொல்லுறது மாதிரி வாறது இதுதான்: ‘தோட்டக்காட்டுப் பொம்பிளை ஒண்டு நாட்டை ஆள ஏலுமோ? கேத்தில் பிடிச்சுத் தேத்தண்ணி ஊத்தத்தான் சரி.’ டக்கெண்டு வெட்டு. உடனை பாட்டு, பேந்து வேறை ஆள் ஒருத்தர். ஆனால் நான் சொன்னது என்ன? ‘தேத்தண்ணி ஊத்தத்தான் சரி எண்டு இஞ்சை சனம் கதைக்குது.’ விளங்குதோ? சனம் கதைக்குது! சந்தையிலை கதைக்குது, சலூனிலை கதைக்குது, கோயில் வீதியிலை கதைக்குது. ஊர் வாயை மூட உலைமூடி இருக்குதே? அதைத்தான் நான் எடுத்துச் சொன்னனான். ‘எண்டு’வை வெட்டி எறிஞ்சால் ஊர்ச் சொல்லு என்ரை சொல்லாகியிடும்தானே.

அந்தச் சொல்லு கூடாத சொல்லுத்தான். மலையகத்து ஆக்களைத் ‘தோட்டக்காட்டு’ எண்டு சொல்லப்படாது. எனக்குத் தெரியாதே? ஆனால் சனம் அப்பிடித்தான் சொல்லுது. சாட்சி தூசணம் சொன்னால் மொழிபெயர்ப்பாளரும் தூசணம்தான் சொல்லவேணும். எத்தினை தூசணம் நான் நீதவானுக்கு முன்னாலை ரை கட்டிக்கொண்டு சொல்லியிருக்கிறன். அதுக்காக நான் தூசணக்காரனோ?

இதிலை இன்னொரு சங்கதி இருக்குத் தம்பி. அதுதான் பெரிய சங்கதி. என்ரை மருமகனும் அந்தப் பக்கத்து ஆள்தான்.

மகள் நிரோஜினி. எனக்கு ஒரே பிள்ளை. என்ரை மனிசி போன பிறகு எனக்கு எல்லாம் அவள்தான். படிக்கேக்கை மோகன் எண்டு ஒரு பிள்ளையோடை பழக்கமாகி, அவனைத்தான் கட்டுவன் எண்டு நிண்டாள். அவற்றை தாய் தகப்பன் எழுபத்தேழு கலவரத்திலை அடிச்சுக் கலைக்க, தேயிலைத் தோட்டத்திலை இருந்து உடுத்த உடுப்போடை வவுனியாவுக்கு வந்த ஆக்கள். மோகன் படிச்சு, இப்ப வவுனியா ரவுணிலை பார்மசி வைச்சிருக்கிறார். நான் மறுப்பே சொல்லேல்லை. ஒண்டரை வருசம் யோசிச்சனான், அவ்வளவுதான். ஒரே பிள்ளை எண்டால் தகப்பன் யோசிக்கமாட்டானே? பிறகு நானே முன்னுக்கு நிண்டு செய்து வைச்சனான். சொந்தக்காரர் கன பேர் வரேல்லை. வராட்டிப் போகட்டும் எண்டு விட்டனான்.

ஒரேயொரு விசயம்தான் நான் கேட்டனான். அழைப்பிதழ் அடிக்கேக்கை, மோகன்ரை தகப்பன் தான் பிறந்த தோட்டத்தின்ரை பேரைப் போடவேணும் எண்டு ஆசைப்பட்டவர். கொட்டகலைப் பக்கம் ஏதோ ஒரு தோட்டம். நான் சொன்னனான், இப்ப இருக்கிறது வவுனியாவிலைதானே, வவுனியா எண்டு போட்டால் காணுமே எண்டு. பொய்யில்லையே? வவுனியாவிலைதானே இருக்கினம்? மனிசன் சரி ஐயா எண்டுபோட்டார். நிரோதான் முகத்தைத் தூக்கி வைச்சிருந்தாள். ‘ஏனப்பா வெட்டினனீங்கள்’ எண்டு கேட்டாள். வெட்டேல்லைப் பிள்ளை, சுருக்கினனான் எண்டு சொன்னனான். அழைப்பிதழிலை இடம் காணாது எல்லே. இப்ப அந்த மனிசன் இல்லை, போன வருசம் மோசம் போயிட்டார்.

நான் வித்தியாசம் பாக்கிற ஆளில்லைத் தம்பி. என்ரை வீட்டிலை சமைக்க வாறவவும் மலையகத்து மனிசிதான், ராமாயி. நான் அவவுக்கெண்டு வேறை கோப்பை வைக்கேல்லை. அவவாத்தான் ஒரு கோப்பையை எடுத்து அடுப்படி யன்னலிலை தனிய வைச்சிருக்கிறா. நான் ஒரு நாளும் வை எண்டு சொல்லேல்லை.

எடுக்கச் சொன்னதும் இல்லைத்தான். அவவின்ரை வசதி.

கேளுங்கோ. நிரோ ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஏழு மணிக்கு எனக்கு கோல் எடுப்பாள். ‘அப்பா, பிரஷர்க் குளிசை போட்டனீங்களோ? சாப்பிட்டனீங்களோ? கதவைப் பூட்டினனீங்களோ?’ கோட்டிலை குறுக்கு விசாரணை மாதிரித்தான். நான் எரிஞ்சு விழுவன். ஆனால் ஏழு மணி ஆகேக்கை போனுக்குப் பக்கத்திலைதான் இருப்பன். இந்தத் தேர்தல் வந்ததிலை இருந்து அவளுக்கு நேரமில்லை. கந்தோர் வேலை முடிய, கேத்தில்காரவுக்காக வீடு வீடாப் போறாள், தாய்மாரைக் கூட்டி வைச்சுக் கூட்டம் போடுறாள். அப்பிடியிருந்தும் ஏழு மணிக்கு எடுப்பாள். தெருவிலை நிண்டு எடுப்பாள், நாய் குரைக்கிற சத்தம் கேக்கும்.

வீடியோ வந்த அண்டைக்கும் எடுத்தவள். நான் சந்தோசமாச் சொல்லப்போறன், பிள்ளை நான் ரீவியிலை வந்தனான் எண்டு. அவள் ஒண்டுதான் சொன்னாள். ‘அப்பா, மாமி பாத்தவ.’ அவ்வளவுதான். வைச்சிட்டாள்.

மாமி எண்டால் மோகன்ரை தாய், என்ரை சம்பந்தி அம்மா. புருசன் போன பிறகு அவவும் இவையளோடைதான். எழுத வாசிக்கத் தெரியாது, பின்னேரத்திலை ரீவிதான் அவவுக்குத் துணை. நான் கமராவுக்கு முன்னாலை நிக்கேக்கை எனக்கு என்ன தெரியும், அந்த மனிசி அங்கை குந்திக்கொண்டு பாக்குமெண்டு? நிரோதானாம் கூப்பிட்டுக் காட்டினது. ‘மாமி, வாங்கோ, எங்கடை அப்பா ரீவியிலை’ எண்டு. எனக்கு இது மோகன் சொல்லித்தான் தெரியும்.

அண்டையிலை இருந்து அவள் எடுக்கிறேல்லை. நான் எடுத்தால் அடிக்குது, அடிக்குது, நிக்குது. ஏழு மணிக்கு இப்ப மருமகன்தான் எடுக்கிறார். ‘மாமா, குளிசை போட்டாச்சுங்களா? பிரஷர் பார்த்தீங்களா?’ ஒரு நாள் தவறேல்லை. அவருக்கு ஒண்டும் கோவம் இல்லைத் தம்பி. தங்கமான பிள்ளை. வீடியோவைப் பற்றி ஒரு சொல்லுக் கேட்டவரில்லை. அவையள் அப்பிடித்தான், எதையும் மனசிலை வைச்சிருக்கமாட்டினம். என்ரை பிள்ளைக்குத்தான் இந்தக் கோவம். என்ரை இரத்தம்.

வாற கிழமை மனிசியின்ரை திவசம். ஒவ்வொரு வருசமும் நிரோ முதல்நாளே வந்து, தாய்க்குப் பிடிச்ச கறியெல்லாம் தன்ரை கையாலை வைப்பாள். இந்தமுறை வாறாளோ எண்டு கேக்க எனக்குப் பயமாய் இருக்கு. வரமாட்டன் எண்டு சொல்லிப்போட்டால்? கேளாமல் இருந்தால் வருவாள் எண்டு நினைச்சுக்கொண்டாவது இருக்கலாமே.

முறிகண்டி வந்திட்டுது. இறங்கிப் பிள்ளையாரைக் கும்பிட்டிட்டு வருவம். வாங்கோ தம்பி, வண்டி நிக்கும்.

...

இந்தாங்கோ, கச்சான். சுடச்சுட இருக்கு. தேங்காய் ஒண்டும் உடைச்சனான். எத்தினையோ வருசத்துக்குப் பிறகு. கும்பிடேக்கை ‘எண்டு’வை மீட்டுத் தந்ததுக்கு எண்டு சொல்லிக் கும்பிட்டனான், பிள்ளையார் சிரிச்சிருப்பார்.

ஓம், மீட்டுட்டன்! அதைத்தானே சொல்ல வாறன். நான் விடுவனோ? அந்த ரீவிக்காரற்றை யாழ்ப்பாணக் கந்தோருக்கே போனனான். அந்தப் பிள்ளை இருந்தது. நான் சட்டம் பேசினனான். ஒரு வசனத்தின்ரை வாலை வெட்டுறது பொய்ச் சாட்சிக்குச் சமன், முழுக்கப் போடுங்கோ எண்டு நிண்டனான். அந்தப் பிள்ளை ‘முழுக்கப் போட்டா உங்களுக்குத்தான் கஷ்டம் ஐயா. பரவாயில்லையா?’ எண்டு கேட்டது. பாருங்கோ திமிரை! பிழையைத் தான் செய்துபோட்டு என்னை வெருட்டுது. தன் முதுகு தனக்குத் தெரியாது எண்டது சும்மாவே? ரீவியிலை போடாட்டிப் பரவாயில்லை, எனக்கு அனுப்பு பிள்ளை எண்டனான். அனுப்பிச்சுது. என்ரை போனிலை இருக்கு.

வீட்டை வந்து கதவைச் சாத்திக்கொண்டு போட்டுக் கேட்டனான். மணிக்கூடு வருது, ஏணி வருது, கேத்தில் வருது... ‘தேத்தண்ணி ஊத்தத்தான் சரி எண்டு இஞ்சை சனம் கதைக்குது.’ இருக்கு! வடிவா, கணீரெண்டு இருக்கு! அதிலையே நிப்பாட்டிப்போட்டு ராமாயியைக் கூப்பிட்டுத் தேத்தண்ணி போடச் சொன்னனான். அவ்வளவு சந்தோசம். உடனை யோசிச்சனான், கோலிலை சொன்னால் எடுபடாது, நேரை போய்ப் போட்டுக் காட்டவேணும் எண்டு. நிரோவுக்கும் காட்டவேணும், சம்பந்தி அம்மாவுக்கும் காட்டவேணும். பாருங்கோ, நான் சொல்லேல்லை, சனம் சொன்னது. அதுதான் இந்தப் பயணம்.

கச்சான் எடுங்கோவன். வேண்டாமோ? நீங்கள் கனக்கக் கதைக்கிறியள் இல்லை. நான் ஒருத்தனே அலம்பிக்கொண்டு வாறன். நீங்கள் எவடம் தம்பி? வவுனியாவிலை வேலையெண்டு விளங்குது, சொந்த இடம் எவடம்? ஹற்றனோ? அங்கை தகப்பன் வேலைக்குப் போனவரோ? கடை கிடை வைச்சிருந்தவையோ? ஓ. தோட்டத்திலையோ. அங்கையே பிறந்து வளந்த ஆக்களோ.

பாத்தால் சொல்லவே ஏலாது தம்பி. உண்மையாச் சொல்லுறன்.

நான் நல்லதுக்குத்தான் சொன்னனான்.

அப்ப நல்லதாய்ப் போச்சு. நீங்களே சொல்லுங்கோ, கேட்டுப்போட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கோ. உங்கடை ஆக்களிலை ஒருத்தர் சொன்னால் அவளும் நம்புவாள். இந்தாங்கோ போன். எனக்கு இந்த விரலாலை தள்ளிற வேலை வடிவா வராது. பச்சையா இருக்குதே, அதை அமத்துங்கோ. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுங்கோ. காதுக்குக் கிட்டப் பிடியுங்கோ, எனக்கும் கேக்கட்டும்.

இது மணிக்கூடு. இது சும்மா, போகட்டும். கத்தரிக்காய்க்காரன் சிரிக்கிறது கேக்குதோ? இது ஏணி. இப்ப வரும், இப்ப வரும், கேளுங்கோ... ‘எண்டு இஞ்சை சனம் கதைக்குது’. கேட்டியளே! வந்ததோ இல்லையோ? நான் சொன்னனான்தானே! ‘எண்டு’ இருக்குதோ இல்லையோ!

நிப்பாட்டுங்கோ, காணும், போதும். நிப்பாட்டுங்கோ தம்பி, அது ஓடுது.

...

என்ன அது?

திருப்பி ஒருக்காப் போடுங்கோ. பஸ் இரையிற சத்தத்திலை சரியாக் கேக்கேல்லை. கடைசியை மட்டும் போடுங்கோ.

‘எண்டு இஞ்சை சனம் கதைக்குது. சனம் சொல்லுறதிலையும் பிழையில்லைத்தானே பிள்ளை. ஆர் ஆர் எங்கை இருக்கவேணுமோ அங்கை இருந்தால்தான் வடிவு.’

என்ரை குரல்தான்.

அது... அது சும்மா ஒரு கதைக்குச் சொல்லுறது. கதையை முடிக்கேக்கை ஏதாவது சொல்லி முடிக்கத்தானே வேணும். மைக்கைப் பிடிச்சுக்கொண்டு அந்தப் பிள்ளை தலையைத் தலையை ஆட்டுது, நானும் ஒரு மரியாதைக்கு... அது வாயிலை வாறது. மனசிலை இருந்து வந்தது இல்லைத் தம்பி. நீங்கள் அந்தப் பக்கம் பாக்காதேங்கோ. கேளுங்கோ.

அப்ப அந்தப் பிள்ளை வெருட்டேல்லைப் போலை.

சரியாக் களைச்சுப்போனன் தம்பி. இந்தத் தேர்தல் எப்ப முடியுமெண்டு இருக்கு. ஆர் வந்தென்ன, மணிக்கூடு வந்தென்ன, ஏணி வந்தென்ன. எனக்கு என்ரை பிள்ளை வேணும். ஏழு மணிக்கு அவள் எடுத்து, ‘குளிசை போட்டனீங்களோ’ எண்டு என்னோடை சண்டை பிடிக்கவேணும். வேறை ஒண்டும் வேண்டாம். மூண்டு பேருக்கு வரிசைப்படி போடலாம் எல்லே, என்ரை ரெண்டாவது விருப்பு வாக்கைக் கேத்திலுக்குத்தான் போடப்போறன் எண்டுகூட அவளுக்குச் சொல்ல யோசிச்சிருந்தனான். முதலாவதைக் கேளாதேங்கோ. முதலாவது வெல்லுற ஆளுக்குப் போட்டால்தானே பிரயோசனம்.

பொறுங்கோ, கோல் வருது. மருமகன்தான். ஹலோ? ஓம் மோகன். ஓம், ஓமந்தை கிட்டுது. ஓம், மத்தியானக் குளிசை போட்டிட்டன். நீங்கள் ஏன் கடையைப் பூட்டிப்போட்டு வாறியள், நான் ஆட்டோ பிடிச்சு வருவன்தானே. ஆ? அம்மாவோ? அம்மாதான் சமைச்சதோ? எனக்கெண்டு உறைப்புக் குறைச்சோ? ஏன் அவவுக்குக் கரைச்சல். ம். ம். நிரோ? நிரோ நிக்கிறாளோ? ஓ. அறைக்குள்ளையோ. சரி, சரி, கூப்பிடவேண்டாம். முருங்கைக்காய் கொண்டு வாறன் எண்டு மட்டும் சொல்லுங்கோ. சரி.

சம்பந்தி அம்மா சமைச்சு வைச்சிருக்கிறாவாம். நான் வந்துதான் தானும் சாப்பிடுவன் எண்டு சாப்பிடாமல் இருக்கிறாவாம்.

பாத்தியளே. நான் சொன்னனான்தானே, அவையளுக்கு ஒண்டும் இல்லை.

தம்பி, வண்டி ரவுணுக்குப் போக இன்னும் கொஞ்ச நேரம் இருக்கு. நீங்கள் படிச்ச பிள்ளை, போன் கையிலை நல்லாத் திரும்புது. இதிலை வெட்டுறதுக்கு ஒரு வழி இருக்குமாமே? எனக்குத் தெரியாது, இந்தக் காலத்துப் பிள்ளையளுக்குத் தெரியும். என்ன, தெரியாதோ? தெரியும் தம்பி, உங்களுக்குத் தெரியும், முகத்தைப் பாக்க விளங்குது. ஒரு உதவியா நினைச்சுச் செய்து தாங்கோ. முன்னுக்கு ஒண்டும் தொடவேண்டாம், மணிக்கூடும் ஏணியும் அப்பிடியே இருக்கட்டும். கடைசியிலை மட்டும் ஒரு சின்ன வெட்டு.

‘எண்டு’ வரைக்கும் விட்டால் காணும்.